வெளுத்த முடிக்கு ஷாம்பு ஏன் ஒத்துப்போவதில்லை? (விளக்கக் கட்டுரை வளம்)



எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த கையோடு எங்கள் கேமரன் மலைப் பிள்ளைகளில் சிலர் நேரே போகும் இடம் முடி அலங்கார நிலையம். பள்ளியில் இருக்கும்வரை தலைமுடிக்குச் சாயம் பூச அனுமதி இல்லை. பள்ளி முடிந்ததும் பழுப்பு, நீலம், சாம்பல் என்று ஆசைப்பட்ட நிறமெல்லாம் தலையில் ஏறிவிடுகிறது. அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. சில வாரங்கள் கழித்து அதே பிள்ளைகளிடமிருந்து வரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். “டீச்சர், மூணு ஷாம்பு மாத்திட்டேன். அப்பவும் முடி தேங்காய் நார் மாதிரிதான் இருக்கு. எந்த ஷாம்பு நல்லது?”

கேள்வியே கொஞ்சம் இடம் மாறிப்போன கேள்வி. மாறியது ஷாம்பு இல்லை, முடி. ப்ளீச் செய்த முடி, பழைய முடியின் நிறம் குறைந்த வடிவம் என்று நாம் நினைக்கிறோம். வேதியியல்படி பார்த்தால் அதன் மேற்பரப்பு வேறொரு பொருளாகவே மாறிவிட்டது. அதனால் அதே தண்ணீர், அதே ஷாம்பு, அதே சீப்பு எல்லாம் அதனிடம் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் கடையில் காசைக் கொட்டி ஷாம்பு மாற்ற வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

நம் மாணவர்கள் அறிவியலை மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். ஓர் அறிவியல் செய்தியைத் தமிழில் காரண காரியத்தோடு விளக்கச் சொன்னால் திணறுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையை விளக்கக் கட்டுரைக்கான பயிற்சியாகவும் பயன்படுத்தலாம். இறுதியில் கலைச்சொற்களும் கருத்துணர் வினாக்களும் உள்ளன.

1. முடி எப்படி அமைந்திருக்கிறது?

தலையில் நாம் பார்க்கும் முடி உயிரற்ற பொருள். உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கும் வேரில் மட்டும்தான். முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஏறக்குறைய இரண்டரை ஆண்டு பழையது. இரண்டரை ஆண்டு வெயில், சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் அது பார்த்திருக்கிறது. உயிரில்லாத பொருள் என்பதால் காயம்பட்டால் தானாக ஆறாது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு முடியை உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால் அதன் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள் தெரியும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருப்பதுபோல் இவை வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். செதில்களுக்கு உள்ளே இருப்பது புறணி. முடியின் வலிமைக்கும் நிறத்திற்கும் காரணமான பகுதி இதுதான். கெரட்டின் என்னும் புரத இழைகள் இங்கே கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அந்த இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். இழைகளுக்கு இடையே மெலனின் என்னும் நிறமித் துகள்கள் தூவப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. செதில்களின் மேற்புறத்தில் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. நாம் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் அன்று இது. முடி உருவாகும்போதே செதிலோடு வேதியியல் பிணைப்பால் சேர்ந்து பிறக்கும் கொழுப்பு இது. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்பது இதன் பெயர். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். வேலையைத் தெரிந்துகொண்டால் போதும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்தக் குணத்தை இந்தப் படலம் முடிக்குத் தருகிறது. முடி தண்ணீரைச் சற்று விலக்குகிறது. செதிலும் செதிலும் உரசாமல் வழுக்கிச் செல்கின்றன.

2. தேயிலை ஆலையில் நடப்பதும் தலையில் நடப்பதும்

வெளுப்பதையும் சாயம் பூசுவதையும் புரிந்துகொள்ள ஒரு சொல் போதும்: ஆக்சிஜனேற்றம். அதை விளக்க எங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது.

1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதல், கேமரன் மலையின் தேயிலை ஆலைகளில் அன்றாடம் நடப்பது இந்த வினைதான். கொழுந்தைப் பறித்துவந்து வாடவிடுகிறார்கள். பிறகு இயந்திரத்தில் உருட்டி நசுக்குகிறார்கள். நசுங்கிய இலையின் சாறு காற்றோடு கலக்கும்போது அதில் உள்ள பாலிபீனால் என்னும் பொருள்கள் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. நிறமே இல்லாத சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய, நிறமுள்ள மூலக்கூறுகளாகின்றன. பச்சை இலை செம்பு நிறமாகி, பிறகு கறுக்கிறது. தோட்டத்தில் இதைப் ‘புளிக்க வைக்கிறது’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. உண்மையில் இதில் நுண்ணுயிரிகளின் வேலை பெரிதாக இல்லை, நடப்பது ஆக்சிஜனேற்றமே. இலையை உடனே சூடாக்கி இந்த வினையை நிறுத்திவிட்டால் அது பச்சைத் தேயிலை.

முடியை வெளுப்பதும் ஆக்சிஜனேற்றம்தான். ஆனால் பலன் தலைகீழ். ப்ளீச் கலவையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் பெர்சல்பேட் உப்புத் தூளும் இருக்கும். பெராக்சைடு டப்பாக்களில் 20, 30, 40 ‘வால்யூம்’ என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். அவை முறையே 6, 9, 12 விழுக்காடு பெராக்சைடு என்று பொருள். கலவை காரத்தன்மை உடையதாக இருப்பதால் முடி உப்பி, செதில்கள் விரிகின்றன. பெராக்சைடு புறணிக்குள் நுழைந்து மெலனினைச் சிதைக்கிறது. நிறமி உடைந்து நிறமிழக்கிறது.

நம்முடையது கறுப்பு முடி. அதில் கரும்பழுப்பு மெலனின் மிகுதி. செம்மஞ்சள் மெலனினும் கொஞ்சம் உண்டு. முதல் வகை எளிதில் சிதையும். இரண்டாம் வகை பிடிவாதமானது. அதனால்தான் நம்மவர் முடி வெளுக்கும்போது சிவந்து, ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகிறது. நீலமோ சாம்பலோ வேண்டுமென்றால் அந்த மஞ்சள் வரைக்கும் போயாக வேண்டும். கறுப்பு முடிக்காரர்கள் அதிகச் சேதத்தைச் சந்திப்பது இந்தக் காரணத்தால்தான்.

சாயம் பூசும்போது நடப்பது தேயிலை ஆலையில் நடப்பதைப் போன்றது. நிரந்தரச் சாயத்தில் பாரா-ஃபீனைலீன்டையமீன் போன்ற நிறமற்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை முடிக்குள் நுழைந்து, பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. பெரிதானபின் எளிதில் வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு போன்ற நாகரிக நிறங்கள் பெரும்பாலும் இந்த வகை அல்ல. அவை முன்பே நிறமுள்ள மூலக்கூறுகள். வெளுத்த முடிமேலும் அதன் ஓரத்திலும் படிந்து நிற்பவை. அவற்றைப் பிடித்து வைக்கப் பூட்டு எதுவும் இல்லை.

3. வெளுத்த பிறகு முடியில் என்ன குறைகிறது? என்ன கூடுகிறது?

பெராக்சைடு மெலனினை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்கும் பொருள் அன்று. வழியில் உள்ள மற்றவற்றையும் தாக்குகிறது. முக்கியமான மாற்றங்கள் மூன்று.

முதலாவது, செதிலின் மேலிருந்த கொழுப்புப் படலம் போய்விடுகிறது. காரத்தன்மையும் பெராக்சைடும் சேர்ந்து அதன் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. தண்ணீரை விலக்கிய முடி இப்போது தண்ணீரை இழுக்கிறது.

இரண்டாவது, கந்தகப் பிணைப்புகள் அறுபடுகின்றன. வழக்கமான வெளுத்தலில் 15 முதல் 25 விழுக்காடு பிணைப்புகளும், கடுமையாகத் திரும்பத் திரும்ப வெளுத்தால் 45 விழுக்காடு வரைக்கும் அழியக்கூடும் என்று முடி வேதியியல் நூல்கள் கூறுகின்றன. கயிற்றின் முடிச்சுகளில் பாதி அவிழ்ந்துபோனால் கயிறு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, அறுபட்ட இடங்களில் சிஸ்டெயிக் அமிலம் உருவாகிறது. இது எதிர் மின்சுமை கொண்டது. சாதாரண முடியின் மேற்பரப்பிலும் ஓரளவு எதிர் மின்சுமை உண்டு. வெளுத்த முடியில் அது மிக அதிகம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஷாம்புவின் கதை தானாக விளங்கும்.

4. ஷாம்பு செய்யும் வேலை

பெரும்பாலான ஷாம்புகளில் முதன்மையான பொருள் சோடியம் லாரெத் சல்பேட் போன்ற ஓர் அழுக்குநீக்கி. அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. வால் எண்ணெயை விரும்பும். தலை தண்ணீரை விரும்பும். வால்கள் எண்ணெய்ப் பிசுக்கில் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நிற்க, பிசுக்கு சிறு உருண்டைகளாகி நீரோடு போய்விடுகிறது. இந்த மூலக்கூறின் தலைக்கும் எதிர் மின்சுமைதான்.

கழுவுவது மட்டுமே ஷாம்புவின் வேலை என்றால் பிரச்சினை இவ்வளவு வராது. இன்றைய ஷாம்புகள் கழுவிவிட்டு, முடிமேல் எதையாவது படியவும் வைக்கின்றன. சிலிக்கோன் எண்ணெய் ஒன்று. நேர் மின்சுமை கொண்ட பாலிமர் மற்றொன்று. தண்ணீர் ஊற்றி அலசும்போது இவை முடியில் ஒட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ‘கழுவினதும் பட்டு மாதிரி இருக்கு’ என்று நாம் சொல்வது இந்தப் படிவைத்தான்.

சரி, இப்போது இரண்டு பேர் ஒரே ஷாம்புவைப் போடுகிறார்கள். ஒருவர் முடி இயற்கையானது. மற்றவர் முடி வெளுத்தது. வேறுபாடுகளைப் பாருங்கள்.

நனைதல்: எந்த முடியும் நனைந்தால் உப்பும். சாதாரண முடியே நனையும்போது விட்டத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு பருக்கிறது. வெளுத்த முடி இன்னும் வேகமாகவும் கூடுதலாகவும் ஊறுகிறது. ஊறிய முடி வலுவிழந்து, இழுத்தால் அறுகிறது. உள்ளே புகுந்த நீர் வெளியேறவும் நேரம் எடுக்கிறது. மலைக்குளிரிலும் பனிமூட்டத்திலும் ஈரத்தலையோடு பாதி நாள் திரிய வேண்டியதுதான்.

உரசல்: கொழுப்புப் படலம் இல்லாததால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்கிறது. துணி துவைப்பதுபோல் கூந்தலை உச்சியில் குவித்து நுரை வரத் தேய்த்தால் சிக்கு விழுவது உறுதி. ஷாம்பு அழுக்கை நன்றாகவே எடுத்திருக்கும். ஆனால் அழுக்கு போனபின் அடியில் தெரிவது சொரசொரப்பான மேற்பரப்பு. ‘இந்த ஷாம்பு முடியை நார் ஆக்கிடுச்சு’ என்று நாம் பழி போடுகிறோம். இல்லைங்க, நாராகிப் பல நாளாச்சு. ஷாம்பு அதை வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

படிதல்: முக்கியமான வேறுபாடு இங்கேதான். சாதாரண சிலிக்கோன் எண்ணெய், நீரை விலக்கும் மேற்பரப்பில் நன்றாகப் படரும். இயற்கை முடிக்கு அது பொருத்தம். நீரை இழுக்கும் வெளுத்த முடியில் அது சரியாகப் படிவதில்லை. நேர் மின்சுமை கொண்ட பாலிமர்களோ, எதிர் மின்சுமை மிகுந்த வெளுத்த முடியைத் தேடிப்போய் ஒட்டுகின்றன. ஆகவே தோழிக்கு அருமையாக இருக்கும் ஒரு ஷாம்பு, வெளுத்த முடி உள்ள உங்களுக்கு வேலை செய்யாமல் போகலாம். உங்களுக்கு ஒத்துப்போகும் ஒன்று தோழியின் தலையைப் பிசுபிசுக்க வைக்கலாம். விலை இதில் முக்கியம் இல்லை; முடியின் மேற்பரப்புதான் முடிவு செய்கிறது.

சாயம் கரைதல்: நுரைதான் சாயத்தைக் கொண்டுபோகிறது என்று பலர் நம்புகிறார்கள். முடி உப்பும்போது உள்ளிருக்கும் சாயம் வெளியேற வழி திறக்கிறது. ஆகவே வெறும் தண்ணீரில் அலசினாலும் சாயம் கொஞ்சம் போகும். வெளுத்த முடியில் வழிகள் அதிகம். மேலோட்டமாக நிற்கும் நீலமும் ஊதாவும் சில வாரங்களில் மங்குவது இதனால்தான். சூடான நீர் இதை விரைவுபடுத்தும். குளிர் ஊரில் வாட்டர் ஹீட்டரைத் திருகி ஆவி பறக்கக் குளிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

5. சலூனுக்கே போகாத செம்பட்டை முடி

“எங்க அம்மா தலையில சாயமே வச்சதில்ல, அவங்க முடியும் நுனியில சிவந்து நாரா இருக்கே?” என்று ஒரு மாணவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

வெயிலும் ஒரு ப்ளீச்தான். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மெலனினைச் சிதைக்கின்றன. கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கின்றன. பெராக்சைடு ஒரு மணி நேரத்தில் செய்வதை வெயில் பல மாதங்களில் செய்கிறது. உயரம் கூடக் கூட இந்தக் கதிர்களின் அளவும் கூடும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்பது கணக்கு. தானா ராத்தா பட்டணம் 1,400 மீட்டர் உயரத்திற்கும் மேலே இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை. ஆனால் கதிர் குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. மெல்லிய மேகத்தையும் அது ஊடுருவும்.

தேயிலைச் சரிவில் பல ஆண்டு வேலை செய்தவர்களின் முடிநுனி செம்பட்டையாவது இப்படித்தான். கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்வது பனிக்கும் வெயிலுக்கும் மட்டும் இல்லை, முடிக்கும் காப்புத்தான். செம்பட்டை நுனிக்கும் இந்தக் கட்டுரையில் சொல்லும் கவனிப்பு பொருந்தும்.

வீட்டில் நரைக்குச் சாயம் பூசும் பெற்றோர் பற்றியும் ஒரு வார்த்தை. வெளுக்காமல் நேரே கறுப்புச் சாயம் பூசினாலும் அதில் பெராக்சைடு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனிவரை பூசினால் நுனிப்பகுதி திரும்பத் திரும்ப ஆக்சிஜனேற்றம் அடைகிறது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும்.

6. ‘கறுப்பு அடிச்சிட்டா சரியாப் போச்சு’

ஆறாம் படிவத்திற்கோ மெட்ரிகுலேஷனுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகும்போது, வெளுத்த முடிமேல் கறுப்புச் சாயம் அடித்துக்கொள்வது நம் பிள்ளைகளிடையே சகஜம். நிறம் திரும்பிவிட்டதால் முடியும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். கறுப்பு வந்தது உண்மைதான். போன கொழுப்புப் படலம் வரவில்லை. அறுந்த கந்தகப் பிணைப்பு சேரவில்லை. கறுப்பு அடிக்கப் பயன்படுத்திய பெராக்சைடு இன்னும் கொஞ்சத்தைக் கூடுதலாக அழித்திருக்கும். பிடிமானம் இல்லாத முடி என்பதால் அந்தக் கறுப்பும் சில வாரங்களில் செம்பழுப்பாக மங்கத் தொடங்குகிறது. பிறகு மறுபடி கறுப்பு, மறுபடி மங்கல். மூன்று நான்கு சுற்று ஓடியபின் முடி பாதியில் ஒடிகிறது.

முடி உயிரற்ற பொருள் என்று தொடக்கத்தில் சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எந்த ஷாம்புவும் பழுதை ஆற்றாது. ‘பழுதுநீக்கும் ஷாம்பு’ என்ற விளம்பரத்தின் பொருள், பழுதை மூடும் படிவு ஒன்றைத் தருகிறது என்பதுதான். நல்ல முடி வேண்டுமென்றால் புதிதாக வளர வேண்டும். தோள்வரை முடி வைத்திருப்பவர் இன்று முழுவதும் வெளுத்தால், அந்த முடி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

7. வெளுத்துவிட்டவர்கள் செய்யக்கூடியவை

தலைக்கு ஊற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாட்டி சொன்ன வழக்கம் இங்கே ஆய்விலும் தேறியிருக்கிறது. மும்பையில் ரெலே, மோஹிலே என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடிக்குள் நுழைந்து, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதாகக் கண்டனர். வெளுத்த முடியிலும் பலன் தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெயிலும் கனிம எண்ணெயிலும் அந்தப் பலன் இல்லை. ஆய்வு நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமான மாரிகோவில் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஓர் ஆய்வைப் படிக்கும்போது அதைச் செய்தது யார் என்று கேட்பது நல்ல பழக்கம்.

ஷாம்புவை உச்சந்தலைத் தோலில் மட்டும் போட்டு விரல் நுனியால் தேயுங்கள். நீளமான பகுதிக்கு வழிந்து வரும் நுரையே போதும்.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை. காரம் முடியை உப்பவைத்துச் செதிலை விரிக்கும். பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் குறைந்த ஷாம்பு நல்லது. சீயக்காய் காரமில்லாதது என்றாலும் கரகரப்பான தூளை வெளுத்த முடியில் அரக்கித் தேய்க்கக் கூடாது. ஊறவைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம்.

கண்டிஷனர் ஒவ்வொரு முறையும் தேவை. புட்டியின் பின்புறத்தில் பெஹென்ட்ரைமோனியம், செட்ரிமோனியம், பாலிகுவாட்டர்னியம், அமோடைமெத்திகோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை நேர் மின்சுமை உள்ளவை. வெளுத்த முடியில் ஒட்டக்கூடியவை. முன்பக்க விளம்பரத்தைவிடப் பின்பக்கப் பட்டியல் உண்மை பேசும்.

வெதுவெதுப்பான நீர் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். மஞ்சள் நிறம் உறுத்தினால் ஊதா ஷாம்பு உதவும். ஊதா நிறமி மஞ்சளை மட்டுப்படுத்துகிறது; முடியை மேலும் வெளுப்பதில்லை.

8. கட்டாயம் கவனிக்க வேண்டியவை

பாரா-ஃபீனைலீன்டையமீன் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போகும் நிலைகூட வரலாம். சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு சிறிதளவைத் தோலில் தடவிச் சோதிக்க வேண்டும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யிலும் இந்தப் பொருள் இருப்பதுண்டு. அதனால் ஒருமுறை கையில் கொப்புளம் கண்டவர் தலைச்சாயத்தின் பக்கமே போகக் கூடாது.

ப்ளீச் தலைத்தோலில் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவச் சொல்லுங்கள். தோல் வெந்துபோனால் அந்த இடத்தில் முடி முளைக்காமலேயே போகலாம். பள்ளி முடித்து முடி அலங்கார நிலையத்தில் வேலைக்குச் சேரும் மாணவர்கள் கையுறை அணிவதையும், தூள் கலக்கும்போது காற்றோட்டம் இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெர்சல்பேட் தூளால் ஆஸ்துமா வரக்கூடும்.

9. ஆசிரியர்களுக்கு: வகுப்பறைக் குறிப்புகள்

எளிய சோதனை: முடி அலங்கார நிலையத்தில் வெட்டி விழுந்த இயற்கை முடிக் கற்றை ஒன்றையும் வெளுத்த முடிக் கற்றை ஒன்றையும் வாங்கி வாருங்கள். இரண்டையும் ஒரே ஷாம்புவால் கழுவி, நன்கு காயவைத்து, சீவிப் படியவையுங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இயற்கை முடியில் சொட்டு உருண்டு நிற்கும். வெளுத்த முடியில் விரைவில் பரவி ஊறிவிடும். பார்த்ததை ஐந்து வாக்கியங்களில் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

எழுத்துப் பயிற்சி: விளக்கக் கட்டுரையில் நம் மாணவர்கள் செய்யும் பொதுவான குறை, அறிவுரைகளை அடுக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது. ‘சோப்புப் போடக் கூடாது’ என்று மட்டும் எழுதினால் அது அறிவுரை. ‘சோப்பு காரத்தன்மை உடையது, காரம் செதிலை விரிக்கிறது, ஆகவே சோப்புப் போடக் கூடாது’ என்று எழுதினால் அது விளக்கம். ‘ஆகவே’, ‘இதனால்’, ‘ஏனெனில்’, ‘விளைவாக’ ஆகிய இணைப்புச் சொற்களை 7-ஆம் பகுதியின் ஒவ்வோர் அறிவுரையோடும் சேர்த்து எழுதும் பயிற்சி கொடுக்கலாம்.

சொல் வரலாறு: ‘ஷாம்பு’ ஆங்கிலச் சொல் என்று மாணவர்கள் நினைப்பார்கள். அழுத்திப் பிடித்துவிடுதல் என்னும் பொருள்கொண்ட இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்திய இந்தியரான சேக் தீன் முகமது அதை அங்கே பரவலாக்கினார். கூந்தல் கழுவுவதற்குத் தமிழிலும் நீண்ட மரபு உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்து வகைத் துவர்ப்பொருள்களும் நறுமணப் பொருள்களும் ஊறிய நீரால் மாதவி தன் கூந்தலைக் கழுவும் செய்தி வருகிறது. துவர்ப்புக்குக் காரணம் இன்று நாம் டானின் என்று சொல்லும் பாலிபீனால் வகை. தேநீரின் துவர்ப்பும் அந்த வகைப் பொருள்களால்தான்.

கலைச்சொற்கள்

ஆக்சிஜனேற்றம்: ஒரு பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மாறுதல்
புறணி: செதில்களுக்கு உட்புறம் உள்ள முடியின் நடுப்பகுதி
நிறமி: நிறம் தரும் பொருள்
கந்தகப் பிணைப்பு: புரத இழைகளை இணைக்கும் கட்டு
மின்சுமை: மூலக்கூறு கொண்டிருக்கும் நேர் அல்லது எதிர் மின்தன்மை
அழுக்குநீக்கி: எண்ணெயையும் நீரையும் பிணைத்து அழுக்கை அகற்றும் பொருள்
செம்பட்டை: இயற்கையாகவோ வெயிலாலோ சிவந்து மங்கிய முடிநிறம்

கருத்துணர் வினாக்கள்

1. தேயிலை ஆலையில் நடக்கும் ஆக்சிஜனேற்றத்திற்கும் முடியை வெளுப்பதில் நடக்கும் ஆக்சிஜனேற்றத்திற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
2. வெளுத்தலால் முடியில் ஏற்படும் மூன்று மாற்றங்கள் யாவை?
3. ஒரே ஷாம்பு இருவர் முடியில் வெவ்வேறு பலன் தருவது ஏன்? மின்சுமையைக் குறிப்பிட்டு விளக்குக.
4. வெளுத்த முடிக்குக் கறுப்புச் சாயம் பூசினால் முடி பழைய நிலையை அடையுமா? உமது விடைக்குக் காரணம் தருக.
5. ‘முன்பக்க விளம்பரத்தைவிடப் பின்பக்கப் பட்டியல் உண்மை பேசும்’ என்னும் கூற்றின் பொருளை உமது சொந்த வாக்கியத்தில் எழுதுக.
6. கட்டுரையின் 4-ஆம் பகுதியை 80 சொற்களுக்குள் சுருக்கி எழுதுக.

இந்த வளத்தை உங்கள் மாணவர்களின் நிலைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ பயன்படுத்திக்கொள்ளுங்கள். தேர்வு முடிவதற்கு முன்பே ஒரு பாடவேளையில் நடத்திவிடுவது நல்லது. ப்ளீச் வைத்த பிறகு படித்தால் 7-ஆம் பகுதி மட்டும்தான் உதவும்.